கறவைக் கடவுள்

எகிப்து என்றால் நம் அச்சமாம். பார்வோன் நம்மைப் பிடித்துவைத்திருக்கும் பழைய எண்ணமாம். செங்கடல் தயக்கம், நாற்பதாண்டுப் பாலைவனம் நம்பிக்கைக் குறைவு. பாலும் தேனும் ஓடும் கானான் மட்டும் செழிப்பு. அந்தச் செழிப்பில் உருவகம் ஏதுமில்லை. வீடும் காரும் வங்கி இருப்புமாக, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அசல் செழிப்பு அது. விவிலியத்தை இப்படிப் படிக்கச் சொல்லும் குரலுக்கு ஜெர்மனியில் இன்று நல்ல கிராக்கி. புத்தகக் கடைகளில் 'எசோடெரிக்' என்று பெயர் எழுதிய அலமாரிகள் இதற்கென்றே இருக்கின்றன. நம்மவர்களுக்கு இதே சங்கதி காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் ஒலித்துணுக்காக வந்து சேர்கிறது. கீதைக்கும் இதே சாவிதான் போடுகிறார்கள். குருக்ஷேத்திரம் நம் உடல், கௌரவர் நூறு பேரும் நம் தீய எண்ணங்கள், வெற்றி மட்டும் நாளைக்கே நம் தொழிலில் கிடைக்கப்போகும் வெற்றி.

கவனியுங்கள். இந்த வாசிப்பில் மனிதர்கள் எல்லோரும் உருவகம். பணம் மட்டும்தான் நிஜம்.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகாது. இதை நாடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் அல்லர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஜெர்மனியின் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். இங்கே விலகுவது என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிடுவது அல்ல. அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் வருமான வரியோடு சேர்த்துப் பிடிக்கும் தேவாலய வரி நிற்கும். பாலியல் கொடுமைகளை மூடி மறைத்த அதிகாரத்தின் மேல் கோபம் கொண்டு வெளியேறியவர்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேருக்குச் சபையை விட முடிந்தது, விவிலியத்தை விட முடியவில்லை. 'இது உன் உள்ளத்தைப் பற்றிய நூல்தான், நடுவில் எந்தச் சாமியாரும் வேண்டாம்' என்று ஒருவர் சொல்லும்போது அவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். அதற்குக் கொடுக்கப்படும் சரக்கைத்தான் மறுக்கிறேன்.

முதலில் சரக்கின் வயதைப் பார்ப்போம். யுகயுகமாக மறைத்து வைக்கப்பட்ட ரகசியம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் இது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'புதுச் சிந்தனை' என்ற பெயரில் கிளைத்த இயக்கம். அதில் ஒருவரான சார்ல்ஸ் ஃபில்மோர், விவிலியத்தில் வரும் ஆட்பெயர் ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் மனநிலைப் பொருள் சொல்லும் அகராதி ஒன்றை 1931-இல் வெளியிட்டார். 1936-இல், பெருமந்தத்தின் கொடுமை இன்னும் தீராத காலத்தில், 'செழிப்பு' பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 23-ஆம் சங்கீதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார். மேய்ப்பர் இருந்த இடத்தில் கடவுள் வங்கியாளராக உட்கார்ந்திருக்கிறார். பாடுபவருக்கு அங்கே நல்ல கடன் மதிப்பு இருக்கிறது. நான் மிகைப்படுத்தவில்லை. அடுத்து பார்படோஸில் பிறந்த நெவில் காடர்ட் வந்தார். விவிலியத்தில் வரலாறே கிடையாது, அது முழுக்க மனத்துக்குள் நடக்கும் நாடகம், மனிதனின் கற்பனைதான் கடவுள் என்றார். அயர்லாந்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் போதித்த ஜோசப் மர்ஃபி, ஆழ்மனத்தின் ஆற்றலைப் பற்றி 1963-இல் எழுதிய நூல் ஜெர்மன் மொழியில் பல பத்தாண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கிறது. 1998-இல் பேர்பெல் மோர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 'பிரபஞ்சத்திடம் ஆர்டர்கள்' என்ற நூலைக் கொண்டுவந்தார்; அதுவும் பெரும் விற்பனை. பண்டகசாலைக்கு ஆர்டர் கொடுப்பதுபோல் பிரபஞ்சத்திடம் வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம், வாழ்க்கைத் துணைவரைக்கூடத் தருவித்துக்கொள்ளலாம். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது சங்கீதமும் தேவைப்படவில்லை, கடவுளும் தேவைப்படவில்லை. கிடங்கும் விநியோகமும் மிஞ்சின.

புதியது என்பது ஒரு குற்றமல்ல. ஆனால் புதிய சரக்குக்குப் பழைய முத்திரை வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் அந்த முத்திரைக்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: மைஸ்டர் எக்கார்ட்.

லூனென் என்ற ஊரில் 1948-இல் உல்ரிச் என்ற பெயரோடு பிறந்தவர்தான் இன்று உலகம் அறிந்த எக்கார்ட் டோலே. மைஸ்டர் எக்கார்ட் மேல் கொண்ட மதிப்பால் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். நெவிலோடும் மோரோடும் இவரை ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆசையை ஊதிப் பெருக்குபவர் அல்லர் டோலே. அமைதியாகப் பேசுபவர், படிப்பவரைச் சற்று நிதானிக்க வைப்பவர். ஆனாலும் 2005-இல் வந்த அவருடைய நூலில் செழிப்பைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் பழைய சரக்கு எட்டிப் பார்த்துவிடுகிறது. செழிப்பும் பற்றாக்குறையும் உள்ளத்தின் நிலைகள், அவையே வெளியே நம் நிஜமாக உருவெடுக்கின்றன என்று சொல்லி, அதற்குச் சான்றாக இயேசுவின் வாக்குகளை வைக்கிறார். உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்பது ஒன்று. கொடுங்கள், உங்களுக்கும் கொடுக்கப்படும் என்பது இன்னொன்று.

அசல் எக்கார்ட் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சொல்லியே இருக்கிறார்.

1260-ஐ ஒட்டித் துரிங்கியா பகுதியில் பிறந்த டொமினிக்கன் துறவி அவர். எர்ஃபுர்ட் மடத்தில் தலைவராக இருந்தார், பாரிஸில் இருமுறை பேராசிரியராக இருந்தார், ஸ்ட்ராஸ்பூர்கிலும் கொலோனிலும் சாதாரண மக்களின் ஜெர்மன் பேச்சிலேயே பிரசங்கம் செய்தார். ஆன்மாவின் அடியாழத்தில் கடவுள் பிறக்கிறார் என்பது அவருடைய பேச்சின் மையம். உள்முகமாகத் திரும்புவதைப் பற்றி ஐரோப்பாவில் அவரைவிடத் துணிச்சலாகப் பேசியவர் குறைவு. இதுவரை இவர்கள் அவரைச் சொந்தம் கொண்டாடலாம். இதற்கு மேல் முடியாது.

சிலர் பசுமாட்டை நேசிப்பதுபோல் கடவுளை நேசிக்கிறார்கள் என்றார் ஒரு பிரசங்கத்தில். பாலுக்காகவும் பாலாடைக்கட்டிக்காகவும் தங்கள் ஆதாயத்துக்காகவும் பசுவை நேசிக்கிறோம். வெளிச் செல்வத்துக்காகவோ உள்ளத்தின் ஆறுதலுக்காகவோ கடவுளை நாடுகிறவர்களும் அதையே செய்கிறார்கள், அது கடவுள் மேல் வைத்த அன்பே அல்ல என்பது அவர் வாதம். உள்ளத்தின் ஆறுதலையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது முக்கியம். 'நாங்கள் பணத்தைச் சொல்லவில்லை, உள் நிறைவைத்தான் சொல்கிறோம்' என்று நழுவப் பார்ப்பவர்களுக்கும் அங்கேயே கதவை அடைத்துவிட்டார். ஆவியில் எளியவர்களைப் பற்றிய புகழ்பெற்ற பிரசங்கத்தில், எதையும் விரும்பாதவன், எதையும் அறியாதவன், எதையும் கொண்டிராதவன் எவனோ அவனே ஏழை என்று இலக்கணம் வகுத்தார். கடவுளின் விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும் என்ற விருப்பம் மிச்சமிருந்தாலும் அவன் இன்னும் ஏழையாகவில்லையாம். இதிலிருந்து ஒரு ஆர்டர் படிவத்தை எப்படித் தயாரிப்பது?

அவரை விசாரணைக்கு இழுத்தது கொலோன் பேராயர். 1327 பிப்ரவரியில் கொலோனிலேயே மக்கள் முன்னிலையில் தம் தரப்பைச் சொல்லிவிட்டு, போப்பின் இருப்பிடமான அவிஞோனுக்குப் போனார் எக்கார்ட். தீர்ப்பு வருவதற்குள் இறந்துபோனார். 1329 மார்ச் 27-இல் போப் இருபத்திரண்டாம் யோவான் வெளியிட்ட ஆணை, அவர் கூற்றுகள் 28-ஐப் பட்டியலிட்டுக் கண்டித்தது. அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். கடவுளிடம் இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்கிறவன் தீயதையே தீய முறையில் கேட்கிறான் என்பது கண்டிக்கப்பட்டவற்றில் ஏழாவது. பொருளோ பெருமையோ பயனோ உள்பக்தியோ புனிதமோ பரிசோ பரலோகமோ எதையும் நாடாமல் எல்லாவற்றையும் துறந்தவர்களிடம்தான் கடவுள் மகிமை பெறுகிறார் என்பது எட்டாவது. போப்பின் கண்ணில் பட்ட குற்றங்களில் ஒன்று, கேட்டுப் பெறும் பக்தியை இவர் அடியோடு அறுத்தார் என்பது. அறுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே பக்திக்கே அவரை அடையாளச் சின்னமாக்கியிருக்கிறார்கள். போப் யோவானாவது அவரைச் சரியாகப் புரிந்துகொண்டு கண்டித்தார்.

எக்கார்டின் பெயரைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இவர்கள் மட்டுமல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-இல் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் என்ற நாஜிச் சித்தாந்தி, எக்கார்டை வடபுல ஆரிய ஆன்மாவின் தீர்க்கதரிசியாக்கி எழுதினார். ட்யூபிங்கன் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹவர் 1934-இல் கீதையை இந்தோ-ஆரியரின் போர்த் தத்துவமாக வாசித்துக் காட்டினார். நான் இவர்களையும் இன்றைய செழிப்புப் பயிலரங்கு ஆசிரியர்களையும் ஒன்றாக்கவில்லை. நூலிலிருந்து காலத்தையும் இடத்தையும் எதிரே நிற்கும் மனிதரையும் உருவிவிட்டால், மிச்சமிருப்பதில் யார் வேண்டுமானாலும் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு ஜெர்மனிக்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, எக்கார்டை விடுவோம். நூலையே திறப்போம்.

இந்த வாசிப்பின் மூலமந்திரம் மாற்கு 11-இல் இருக்கிறது. நீங்கள் கேட்பதைப் பெற்றுக்கொண்டதாகவே நம்புங்கள், அது உங்களுக்குக் கிடைக்கும் என்ற வாக்கு. எந்தப் பயிலரங்கிலும் இது தப்பாமல் ஒலிக்கும். அதே அதிகாரத்தில் சில வசனங்கள் மேலே பாருங்கள். இயேசு ஆலயத்துக்குள் நுழைந்து காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்க்கிறார், புறா விற்போரை விரட்டுகிறார். அந்த அதிர்ச்சி அடங்கிய மறுநாள் காலையில்தான் சீடர்களிடம் ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த வசனமே, ஜெபிக்க நிற்கும்போது யார்மேல் குறை இருந்தாலும் மன்னித்துவிடுங்கள் என்கிறது. முன்னே வியாபாரிகளை விரட்டுதல், பின்னே பிறரை மன்னித்தல். நடுவிலிருந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்து வியாபாரத்துக்கே மந்திரமாக்கியிருக்கிறார்கள். எக்கார்டும் இந்த ஆலயக் காட்சியைப் பிரசங்கித்திருக்கிறார். அவருக்கு அந்த வியாபாரிகள் கொடியவர்கள் அல்லர். நோன்பிருந்து, கண்விழித்து, ஜெபித்து, பதிலுக்குக் கடவுள் ஏதாவது தருவார் என்று எதிர்பார்க்கும் நல்லவர்கள். அவர்களைத்தான் வெளியே போகச் சொன்னார்.

டோலே எடுத்தாளும் லூக்கா 6-ஐயும் பார்க்கலாம். கொடுங்கள், கொடுக்கப்படும் என்ற வாக்குக்கு மூன்று வசனம் முன்னால், திரும்ப எதையும் எதிர்பாராமல் கடன் கொடுங்கள் என்று இருக்கிறது. அதே உரையின் தொடக்கத்தில் ஏழைகளுக்கு வாழ்த்தும் செல்வந்தர்களுக்குச் சாபமும் இருக்கின்றன. ஏழை என்றால் பற்றாக்குறை மனநிலை கொண்டவர் என்று பொருள் வைத்தால், இயேசு பற்றாக்குறை மனநிலையை வாழ்த்தி, நிறைவு மனநிலையைச் சபித்தார் என்று ஆகும். சாவி தன் சொந்தப் பூட்டையே திறக்க மறுக்கும் இடம் இது. ஆகையால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் உறுத்துவது எரேமியா 29. நம்பிக்கையும் நல்ல எதிர்காலமும் தரும் எண்ணங்களே உங்களைக் குறித்து என்னிடம் உள்ளன என்று கடவுள் சொல்லும் இடம். ஜெர்மனியில் பிறந்தநாள் அட்டைகளிலும், தமிழ் வீட்டு வரவேற்பறைகளில் சட்டமிட்ட படங்களிலும் அது தொங்குகிறது. அது ஒரு கடிதம். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட அகதிகளுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும், ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கூட்டத்தின் முன் முழங்கி, எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை முறித்துப் போடுகிறான். நேர்மறைச் சிந்தனைக்கு விவிலியத்தில் ஒரு முகம் உண்டென்றால் அது அனனியாவின் முகம். நூல் அவனைப் பொய்யன் என்கிறது. எரேமியா சொன்ன கணக்கு எழுபது ஆண்டு. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலருக்கு ஊர் திரும்பும் வாய்ப்பே இல்லை என்று பொருள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிய பிறகுதான் அந்த நம்பிக்கை வாக்கு வருகிறது.

அகதிக்கு எழுதிய கடிதத்தை ஜெர்மனியில் வாழும் தமிழரைவிட நன்றாகப் படிக்கக்கூடியவர் யார்? 1983 ஜூலை இன வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் ஏராளமானோர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர்கள். 1986-இல் அந்த வழி அடைபட்டது. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது அகதிகள் விடுதி. நம்மவர் வாயில் அது 'ஹைம்'. 1982-இல் வந்த புகலிடச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டி, அனுமதியில்லாமல் பக்கத்து ஊரிலிருக்கும் தமையனைக்கூடப் பார்க்கப் போக முடியவில்லை. வேலை செய்யத் தடை. கையில் 'டுல்டுங்' என்ற தாள். தங்க உரிமை உண்டு என்று அது சொல்லாது. வெளியேற்றுவது இப்போதைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும். சில மாதங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை வாங்க வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் நின்றவரிடம் போய், 'வெளியே தெரிவதெல்லாம் உன் உள்நிலையின் பிரதிபலிப்பு' என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் தாளை அச்சிட்டது யாருடைய ஆழ்மனம்?

நிலைமையை மாற்றியவை என்னென்ன என்று அந்தத் தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள். வழக்கறிஞர்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், சில தேவாலயக் குழுக்கள், கதவைத் தட்டி ஜெர்மன் சொல்லிக்கொடுத்த அயல்வீட்டுப் பெண்மணிகள், உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய இரவுகள். ஆகஸ்ட் மாதத்தில் கேவலார் மாதா கோவிலுக்குத் தமிழர் திரளாக யாத்திரை போகிறார்கள். கத்தோலிக்கரோடு சைவர்களும் போகிறார்கள். 1642 முதல் அங்கே வீற்றிருக்கும் அந்த மாதாவுக்குத் துயருற்றோரின் ஆறுதல் என்று பெயர். துயரம் என்று ஒன்று வெளியே உண்மையிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கும்.

உள்முக வாசிப்பு யாருக்கு என்ன கெடுதல் செய்கிறது, மனநிம்மதிதானே என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் சொந்த வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் விவசாயிகளின் பன்னிரண்டு கோரிக்கைகள் உருவாயின. தொகுத்தவர்களில் ஒருவர் தோல் ஆடை தைக்கும் செபாஸ்டியன் லோட்சர். இன்னொருவர் போதகர் கிறிஸ்டோஃப் ஷாப்பெலர். தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, காட்டில் விறகு, ஆற்றில் மீன், அபகரித்த பொதுநிலம் திரும்பக் கிடைத்தல், குடியானவன் செத்தால் விதவையிடம் பறிக்கும் சாவு வரி ஒழிதல். மூன்றாவது கோரிக்கை அடிமைத்தனத்தை நீக்கச் சொன்னது: கிறிஸ்து மேய்ப்பனையும் பெருங்குடியையும் ஒரே இரத்தத்தால் மீட்டார், பிறகு நாங்கள் எப்படி ஒருவனுக்குச் சொந்தமாவோம்? பக்கத்துக்குப் பக்கம் விவிலியச் சான்று. கடைசிக் கோரிக்கை இன்னும் அழகு. இவற்றில் எது வேத வாக்குக்கு முரண் என்று காட்டினாலும் அதை விட்டுவிடுகிறோம் என்றார்கள்.

விவிலியத்தை அவர்கள் கையில் கொடுத்தவர் மார்ட்டின் லூத்தர். அவர் சொன்ன பதில் என்ன? மூன்றாவது கோரிக்கை கிறிஸ்தவ விடுதலையை முழுக்க உடல் சார்ந்ததாக்குகிறது, விடுதலை ஆன்மாவுக்குரியது, சிறைக்கைதியும் நோயாளியும் எப்படிக் கிறிஸ்தவ விடுதலையோடு இருக்க முடியுமோ அப்படியே அடிமையும் இருக்கலாம் என்றார். எகிப்து உன் உள்ளே இருக்கிறது என்பதன் பழைய வடிவம் இது. மே மாதம் விவசாயிகளைக் குத்தவும் வெட்டவும் பிரபுக்களுக்கு அனுமதி தரும் துண்டுப் பிரசுரத்தையும் அவரே எழுதினார். மே 15-இல் ஃப்ராங்கன்ஹவுசனில் விவசாயப் படை சிதைந்தது. அந்த விவசாயிகள் போர் முழுவதிலும் 70,000 முதல் ஒரு லட்சம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்பது வழக்கமான கணிப்பு. லூத்தருக்கு வங்கியாளர் கடவுள் அருவருப்பைத் தந்திருப்பார், அது வேறு. ஆனால் விடுதலையை உள்ளே தள்ளிப் பூட்டினால் வெளியே சாட்டை யார் கையில் இருக்கும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

நானூற்றிருபது ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த மூன்றே வாரத்தில், 1945 மே 29 அன்று வாஷிங்டனில் பேசிய எழுத்தாளர் தாமஸ் மன் இந்தப் புள்ளிக்குத்தான் வந்தார். ஜெர்மானியரின் பெருமைக்குரிய உள்முகத்தன்மையே அவர்களுடைய அரசியல் ஊமைத்தனத்துக்கும் வேர் என்றார். அவருக்கு முன்பே, டேகல் சிறையிலிருந்து 1944 ஜூலையில் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருந்தார். உள் வாழ்க்கை, வெளி வாழ்க்கை என்று நாம் போடும் கோட்டை விவிலியம் அறியாது. அது பேசுவது முழு மனிதனை என்றார். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்ததற்காக 1945 ஏப்ரல் 9-இல் ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

'சித்தர்கள் சொன்னதும் இதுதானே, காந்தியும் கீதையை உள்ளப் போராகத்தானே படித்தார்' என்று ஒரு தமிழ் வாசகர் கேட்பார். நல்ல கேள்வி. பட்டினத்தார் உள்ளே திரும்பியபோது கப்பல் வணிகமும் மாளிகையும் கழன்று கோவணம் மிஞ்சியது. சிவவாக்கியர் உள்ளே கண்டதை வைத்து வெளியே சாதியை ஏளனம் செய்தார். காந்தி குருக்ஷேத்திரத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு 1930-இல் தண்டிக்கு நடந்தார். எக்கார்டேகூட எர்ஃபுர்ட் இளந்துறவிகளுக்குச் சொன்ன அறிவுரையில், நீ பரவசத்தில் மூழ்கியிருக்கும்போது ஒரு நோயாளிக்குக் கஞ்சி தேவை என்று தெரிந்தால், பரவசத்தை விட்டு எழுந்து போய்க் கஞ்சி கொடு, அதுவே மேல் என்றார். போதகர் தாமஸ் மியுன்சரும் உள் வாக்கை நம்பியவர்தான். எக்கார்டின் வழிவந்த டவ்லரைப் படித்தவர். அவர் விவசாயிகளோடு நின்று, தோற்று, 1525 மே 27-இல் தலை வெட்டப்பட்டார். அவருடைய வாள்வெறியை நான் ஏற்கவில்லை. ஆனால் உள்ளே போனவர் திரும்பி வெளியே வந்தார், மற்றவர்களிடம் வந்தார்.

தமிழுக்கு நெருக்கமான சாட்சி ஹாலே நகரில் இருக்கிறது. 1695-இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே என்ற போதகரின் வீட்டு உண்டியலில் யாரோ 4 தாலரும் 16 க்ரோஷனும் போட்டுவிட்டுப் போனார்கள். உள்மன மறுபிறப்பை விடாமல் பிரசங்கித்த பக்தி இயக்கத்தார் அவர். இந்தத் திடீர் வரவை அவர் தம் நம்பிக்கைக்குக் கிடைத்த கூலியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அன்றே புத்தகங்கள் வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். அது அநாதை இல்லமாயிற்று, பள்ளிகளாயிற்று, மருந்துக்கூடமும் அச்சகமுமாயிற்று. அங்கே படித்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார்; ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலேறி அவரிடம் வந்தன; புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. இந்த மிஷனரி வரலாற்றில் விமர்சிக்க நிறைய உண்டு. உண்டியல் பணம் எங்கே போயிற்று என்ற கணக்கில் மட்டும் குழப்பமில்லை.

ஆகவே உள்ளே படிப்பதா வெளியே படிப்பதா என்பதல்ல சண்டை. செழிப்பு வாசிப்பு நூலிலிருந்து மற்ற எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறது. விதவை என்றால் என் சோகம், அந்நியன் என்றால் என் தயக்கம், கூலிக்காரன் என்றால் என் உழைப்புச் சக்தி. மிஞ்சுவது நானும் என் வரவும். கடவுள் என்பது மனிதனின் சொந்த உணர்வு வெளியே வீசிய நிழல் என்று 1841-இல் தத்துவவாதி லுட்விக் ஃபாயர்பாக் எழுதினார். எழுதிவிட்டு, தம் வாதம் இட்டுச்சென்ற நாத்திகத்துக்கு அஞ்சாமல் பொறுப்பேற்றார். இவர்களும் சொல்வது அதையே. ஆனால் நிழலிடம் கறந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இந்த மனநிலைக்கு ஒரு கணிப்பு வைத்திருந்தார்: நன்றாக வாழ்கிறவனுக்கு நன்றாக வாழ்வது மட்டும் போதாது, அந்த வாழ்வுக்குத் தான் தகுதியானவன் என்றும், அது இல்லாதவன் தகுதியற்றவன் என்றும் நம்ப வேண்டியிருக்கிறது. உள்நிலைதான் புறநிலை என்ற போதனை அந்த நம்பிக்கையை மலிவு விலைக்குக் கொடுக்கிறது. தோற்றவன் தன் எண்ணத்தால் தோற்றான். எனக்கு அவனிடம் கடன் ஏதுமில்லை.

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று சொல்லும் வசனம். அதை எந்த உள்நிலைக்குக் குறியீடாக வைப்பார்கள் என்று கேட்க ஆசை. மேற்கு ஜெர்மனியில் லெங்கரிச் ஊரில் பேட்டர் கோசன் என்ற கத்தோலிக்கக் குரு அந்த வசனத்தை எழுத்துப்படியே படித்தார். ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் துணை ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்து இறைச்சி ஆலைகளில் நிறுத்திய தொழிலாளர்களின் ஊதியம், நெரிசலான தங்கும் அறைகள், ஓய்வில்லாத பணி நேரம் பற்றி ஆண்டுக்கணக்கில் மேடைதோறும் பேசினார். கேட்பார் குறைவு. 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக் நகரின் பெரிய இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கொரோனா தொற்றியபோது நாடு திரும்பிப் பார்த்தது. பெரிய இறைச்சி ஆலைகளின் வெட்டும் பகுதியில் அந்த ஒப்பந்த முறைக்குத் தடை விதிக்கும் சட்டம் 2021 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் தொழிலாளர்களைத் தாங்களே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.